தூண்டுகோலைத் தொலைத்தவர்கள்

"மீட்டர் செட்டையே மாத்திடுங்க சார்." இந்த ஒரு வாக்கியத்தை எதிர்த்து எழுதப்படுவதே இக்கட்டுரை. இருபது ஆண்டு கடந்த ஒரு காரின் முகப்புப் பலகையில், வேகமானிக்குப் பின்னே இருக்கும் சிறு பல்புகள் மங்கிவிட்டன. இரவில் முள் எந்த எண்ணில் நிற்கிறது என்று தெரிவதில்லை. அதற்கு ஒரு பணிமனை நமக்குச் சொன்ன மருந்து இது. பல்பு மங்கினால் பல்பை மாற்று என்பது நம் பெற்றோர் அறிந்த அறிவு. பல்பு மங்கினால் பலகையை மாற்று, பலகை கிடைக்காவிட்டால் காரை மாற்று என்பது நாம் பெற்றிருக்கும் அறிவு. இவ்விரண்டுக்கும் இடையே நேர்ந்திருக்கும் வீழ்ச்சியைப் பற்றி யாராவது பேசியாக வேண்டும்.

கவிதையும் நாவலும் பேசும் இப்பக்கங்களில் கார் பல்புக்கு என்ன இடம் என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். எண்ணெய் விளக்கு மங்கியபோது நம் வீடுகளில் திரியைச் சற்று மேலே தள்ளிவிட்டார்கள். அந்தச் செயலுக்குத் தூண்டுதல் என்று பெயர். அதற்குப் பயன்பட்ட சிறு கோலுக்குத் தூண்டுகோல் என்று பெயர். இன்று மேடைதோறும் 'எனக்குத் தூண்டுகோலாக இருந்தவர்' என்று முழங்குகிறோம். கோல் எது, திரி எது என்று கேட்டால் விழிக்கிறோம். சொல்லை வைத்துக்கொண்டு செயலைக் கைவிட்டவர்கள் நாம். ஆகவே இது நம் துறைக்குள் வரும் விவகாரம்தான்.

இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். சோழர் காலக் கல்வெட்டுகளைப் புரட்டியவர்கள் அறிவார்கள்: கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிவதற்கு 90 அல்லது 96 ஆடுகளைக் கொடையாக விடுவது பரவலான வழக்கம். அந்த ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுகள் குறிக்கும். சாகும் ஆட்டின் இடத்தில் குட்டி வளர்ந்து நிற்கும், மந்தையின் எண்ணிக்கை குறையாது, நாள்தோறும் நெய் தவறாது வந்து சேரும் என்பது அதன் பொருள். விளக்கைக் கொடுத்தவன் அதன் பராமரிப்பையும் சேர்த்தே கொடுத்தான். எங்கள் திருத்தணியில் அபராசித பல்லவன் காலத்து வீரட்டானேசுவரர் கோயில் 9ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்கிறது. கல்லின் உறுதி மட்டும் அதைக் காத்திருக்காது. ஒழுகிய இடத்தை அடைத்தவர்களும் முளைத்த செடியைப் பிடுங்கியவர்களும் காத்திருக்கிறார்கள். ஒரு கல் பெயர்ந்ததற்காகக் கோயிலையே மாற்றிவிடலாம் என்று அவர்களுள் எவரும் சொல்லவில்லை.

*

முதலில் நோயைப் பார்ப்போம். நாம் பேசுவது 12 வோல்ட்டில் எரியும், ஒரு வாட்டிலிருந்து மூன்றரை வாட்டுக்குள் அடங்கும் சிறு பல்புகளைப் பற்றி. தொண்ணூறுகளுக்குப் பிந்தைய கார்கள் பலவற்றில், உலோகத் தொப்பியில்லாமல் கண்ணாடி அடியே ஆப்புப் போல ஹோல்டரில் செருகிக்கொள்ளும் வகை இருக்கும். பழைய ஆங்கிலேய வடிவமைப்பு வண்டிகளில் திருகி மாட்டும் வகையைக் காணலாம். எதுவானாலும் உள்ளே இருப்பது டங்ஸ்டன் இழைதான்.

அது ஏன் மங்குகிறது? எரியும் இழையிலிருந்து டங்ஸ்டன் மெல்ல ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறத்தில் கரிய படலமாகப் படிகிறது. பழைய பல்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் புகை பிடித்த சிமினி போல இருக்கும். இது முதல் காரணம். பச்சையாகவோ நீலமாகவோ தெரிவதற்காகப் பல்பின் மேல் போட்டிருக்கும் ரப்பர் உறை வெப்பத்தில் கருகிவிடுவது இரண்டாவது. ஹோல்டரின் தொடுமுனைகளில் களிம்பேறுவதும் எர்த் ஒயர் சரியாகப் பிடிக்காமல் போவதும் மூன்றாவது. இந்த மூன்றாவதைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. இழை பல்பு மின்னழுத்தத்துக்கு மிகவும் கூச்சப்படும் பொருள். அழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் ஒளி ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்துவிடும். ஒரு வோல்ட்டைக் களிம்பு தின்றுவிட்டால் புதுப் பல்பும் கிழட்டுப் பல்பாகத்தான் எரியும். நான்காவது காரணம் வேடிக்கையானது. ஒளியைக் கூட்டிக் குறைக்கும் சிறு திருகு டேஷ்போர்டின் ஓரத்தில் இருக்கும். யாருடைய முழங்காலோ துணியோ பட்டு அது குறைந்த நிலைக்குப் போயிருக்கும். ஒரு காசும் செலவில்லாமல் தீரும் நோய் இது.

நான்கில் எந்த ஒன்றுக்காவது மீட்டர் செட் முழுவதையும் மாற்றுவது மருந்தாகுமா? பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, மீட்டரைச் சுற்றிய மூடியின் திருகுகளை எடுத்து, மீட்டரைப் பிடித்திருக்கும் மூன்று நான்கு திருகுகளையும் எடுத்து, அதை மெதுவாக முன்னால் சாய்க்க வேண்டும். கேபிள் வைத்த பழைய ஸ்பீடாமீட்டரானால் பின்னால் கைவிட்டு அந்தக் கேபிளைக் கழற்ற வேண்டும், இழுத்துவிடக் கூடாது. பின்புறத்தில் ஹோல்டர்கள் வரிசையாக இருக்கும். கால் சுற்றுத் திருப்பினால் கையோடு வரும். பல்பை மாற்றி, தொடுமுனையைச் சுரண்டித் துடைத்து, மறுபடி பொருத்தலாம். பழகிய கைக்கு ஒரு மணி நேரம். ஒன்று மங்கியபோது மற்றவையும் அதே வயதுக்காரர்கள்தான் என்பதால் எல்லாவற்றையும் ஒருசேர மாற்றுவது புத்திசாலித்தனம். அத்தனைக்கும் ஆகும் பொருட்செலவு ஒரு குடும்பம் சரவண பவனில் காலைச் சிற்றுண்டி அருந்தும் செலவைத் தாண்டாது.

எச்சரிக்கையும் உண்டு. இழை பல்புக்குப் பதில் எல்.இ.டி. போடுவது இப்போது மோகமாகியிருக்கிறது. எல்.இ.டி.க்கு நேர்முனை எதிர்முனை உண்டு. திருப்பிச் செருகினால் எரியாது. ஒளியைக் குறைக்கும் பழைய திருகுக்கு அது சீராகப் பணிவதுமில்லை. அதைவிட முக்கியமானது பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு. பழைய வண்டிகள் பலவற்றில் ஆல்டர்நேட்டர் விழித்தெழத் தேவையான தொடக்க மின்னோட்டம் அந்தச் சிறு பல்பின் வழியாகவே செல்கிறது. அதைக் கழற்றிவிட்டாலோ, மின்னோட்டம் மிகக் குறைந்த எல்.இ.டி.யை அதன் இடத்தில் வைத்தாலோ பேட்டரி சார்ஜ் ஏறாமல் போகக்கூடும். வண்டியின் மிகச் சிறிய விளக்கின் மேல் வண்டியே நிற்கிறது! இந்த நுட்பத்தை அறிந்தவர் ஒயரிங் கடைக்காரர். மீட்டர் செட்டையே மாற்றச் சொல்பவர் இதை அறிய வேண்டிய தேவையே இல்லை. நாம் சொல்ல வந்த கோளாறு இதுதான்: முழுதாக மாற்றும் முறையில் அறியாமைக்குத் தண்டனை கிடையாது, அதற்கு விலைப்பட்டியல் இருக்கிறது.

*

எதிர்த்தரப்பின் வாதங்களையும் நேர்மையாக முன்வைக்க வேண்டும்.

பணிமனைக்காரர் சொல்கிறார்: 'பத்து ரூபாய்ப் பல்புக்கு ஒரு மணி நேரம் ஆளை நிறுத்தினால் கூலி கட்டாது. பழைய பிளாஸ்டிக் உடைந்தால் பழி எங்களுக்கு. உதிரிபாகப் பட்டியலில் மீட்டர் செட்டுக்குத்தான் எண் இருக்கிறது.' முதலிரண்டு வாதங்களில் நியாயம் உண்டு. வாடிக்கையாளர்களாகிய நாம் பொருளுக்கு எவ்வளவும் கொடுப்போம், கைக்குக் கொடுக்கப் பேரம் பேசுவோம். இருநூறு ரூபாய்க் கூலிக்கு முனகுபவர், பல ஆயிரம் ரூபாய் உதிரிபாகத்துக்கு ரசீதை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார். இந்த மனக்கோணலை வைத்துத்தான் முழுதாக மாற்றும் வணிகம் வளர்ந்தது. பிளாஸ்டிக் உடையும் என்றால் அதை முன்கூட்டிச் சொல்லி நம் ஒப்புதலைப் பெறலாமே?

மூன்றாவது வாதத்தில் நியாயம் இல்லை. பட்டியலில் எதற்கு எண் இருக்க வேண்டும் என்பதை இயற்கை முடிவு செய்வதில்லை. உற்பத்தியாளர் முடிவு செய்கிறார். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் அளித்த தீர்ப்பு இங்கே நினைவுகூரத்தக்கது. உதிரிபாகங்களையும் பழுது அறியும் கருவிகளையும் வெளிச்சந்தையிலும் சுதந்திரமான பணிமனைகளிலும் கிடைக்காமல் செய்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது ஆணையம். வெளியே பழுது பார்த்தால் உத்தரவாதம் செல்லாது என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லக் கூடாது என்றும் கூறியது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன என்பது வேறு கதை. அந்தப் பதினான்கில் உள்நாட்டு நிறுவனங்களும் உண்டு, வெளிநாட்டு நிறுவனங்களும் உண்டு. அம்பாசடரைத் தந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும் உண்டு.

அந்தப் பெயர் எங்கள் மாவட்டத்துக்கு அந்நியமானதன்று. திருவள்ளூருக்கு அருகே அந்நிறுவனம் அமைத்த ஆலையிலிருந்துதான் 1998இல் மிட்சுபிஷி லான்சர் கார்கள் வெளிவரத் தொடங்கின. இன்று அங்கே லான்சர் இல்லை. 2021 முதல் சிட்ரோயன் கார்கள் உருவாகின்றன. மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றது. அதன் பெயர் 2017இல் 80 கோடி ரூபாய்க்கு ஒரு பிரெஞ்சுக் குழுமத்துக்கு விற்கப்பட்டது. ஆலை கை மாறும், பெயரும் கை மாறும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி யாரோ ஒருவரின் வாசலில் நிற்கிறது. அதன் விளக்குக்கு யார் பொறுப்பு? சென்னைப் புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைக்காரரும், நம் ஊர் ஒயரிங்காரருமே அந்தப் பொறுப்பைச் சுமக்கிறார்கள். பொறுப்பைக் கைவிட்டவர்களுக்குக் கண்ணாடிக் காட்சியறை. சுமப்பவர்களுக்குத் தகரக் கொட்டகை.

அடுத்த வாதம் அரசிடமிருந்து வருகிறது: பழைய வண்டி என்றால் கழிவு. 2021இல் வாகன அழிப்புக் கொள்கை அறிவிக்கப்பட்டது. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. புகை கக்கும் வண்டிக்கும் பிரேக் பிடிக்காத வண்டிக்கும் நாம் வாதாட வரவில்லை. அவற்றைச் சோதித்துச் சாலையிலிருந்து அகற்றட்டும். ஆனால் தகுதியைச் சோதிப்பது ஒன்று, வயதையே குற்றமாக்குவது வேறொன்று. புதிய கார் ஒன்றை உருவாக்க ஆகும் எஃகையும் மின்சாரத்தையும் கணக்கில் சேர்க்காமல், பழையதை அழிப்பதே சூழல் தொண்டு என்பது பாதிக் கணக்கு. அதே அரசின் நுகர்வோர் விவகாரத் துறைதான் 2022 ஜூலையில் 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஆராயக் குழு அமைத்தது. அதில் மோட்டார் வாகனமும் ஒரு பிரிவு. ஒரு துறை பழுது பாருங்கள் என்கிறது, இன்னொரு துறை பழையதைக் கைவிடுங்கள் என்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தார் 2012இலேயே வாக்கெடுப்பின் மூலம் இவ்வுரிமையைச் சட்டமாக்கச் செய்தார்கள். நம்மிடம் இது இன்னும் இணையதளத்து அறிவிப்பாகவே இருக்கிறது.

கடைசி வாதம் நம்மைப் போன்ற படித்தவர்களிடமிருந்து வருவது. 'பழைய காருக்கு விளக்கு மாற்றுவது பிணத்துக்கு அலங்காரம்' என்றார் உடன் பணியாற்றும் நண்பர் ஒருவர். அவருக்கு நாம் சொல்லும் பதில், இரவு எட்டு மணிக்குமேல் திருத்தணியிலிருந்து நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதிச் சாலையில் ஒருமுறை வண்டி ஓட்டிப் பாருங்கள் என்பதே. மங்கிய மீட்டரில் வேகம் மட்டுமா தெரியாமல் போகிறது? தூர ஒளி எரிகிறது என்று காட்டும் நீலப் பொட்டு தெரிவதில்லை. எதிரே வரும் இருசக்கர வண்டிக்காரர் கண் கூசிப் பள்ளத்தில் இறங்குகிறார். மலைப்பாதை ஏறுகையில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் தெரிவதில்லை. ஆடிக் கிருத்திகைக்கும், ஆங்கிலப் புத்தாண்டுக்கு முந்தைய இரவில் நடக்கும் படித் திருவிழாவுக்கும் எத்தனை பழைய வாடகை வண்டிகள், எத்தனை குடும்பங்களைச் சுமந்து இந்த ஊருக்கு வருகின்றன! அவற்றின் ஓட்டுநர்களுக்குப் புது வண்டி வாங்கும் வசதி இல்லை. பல்பு மாற்றும் வசதி உண்டு. அந்த வசதியையும் பறிக்கும் ஏற்பாட்டுக்குத்தான் முன்னேற்றம் என்று பெயர் வைத்திருக்கிறோம். புது வண்டியை மலைக்கோயிலுக்குக் கொண்டுவந்து மாலையிட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம். ஆயுத பூசையன்று டேஷ்போர்டுக்குச் சந்தனம் இடுகிறோம். உள்ளே எரிய வேண்டிய விளக்கைப் பற்றிக் கேட்க நாதியில்லை.

*

இனி நம் வீட்டுக் குப்பைக்கு வருவோம். தமிழ்த்துறைகளைச் சொல்கிறோம்.

'பழுது பார்த்தல்' என்பது எவ்வளவு கூர்மையான சொல்லாட்சி! ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேர் 'மீண்டும் ஆயத்தமாக்கு' என்கிறது. தமிழ் அந்த விளைவைப் பற்றிப் பேசவே இல்லை. பழுதைப் பார் என்கிறது. பார்த்தல்தான் வேலையின் முக்கால் பங்கு என்பதை இச்சொல்லை வழங்கிய மக்கள் அறிந்திருந்தார்கள். நம் ஊர் ஒயரிங்காரர் சோதனை விளக்கை ஒயரில் குத்திக்கொண்டே சொன்னார்: "பல்பு மேல ஏன் சார் பழி போடுறீங்க? எர்த்தே பிடிக்கல, பல்பு இன்னா பண்ணும்?" பார்த்தல் என்பது இது. நாம் வகுப்பறையில் ஒரு செய்யுளுக்குப் பாட வேறுபாடு காணும்போது செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் காரியமும் இதுவே. செல்லரித்த ஏட்டில் ஒரு சீர் சிதைந்திருந்தால், உ.வே. சாமிநாதையர் நூலையே ஒதுக்கிவிட்டு வேறு நூல் தேடினாரா? பிரதிக்குப் பிரதி ஒப்பிட்டுப் பழுதைப் பார்த்தார். அவர் பெயரைச் சொல்லிச் சம்பளம் வாங்கும் நாம், கையால் பழுது பார்ப்பவனை 'மெக்கானிக் பையன்' என்கிறோம். அவனுக்கு ஐம்பது வயது ஆகியிருந்தாலும் பையன்தான்.

ம.பொ.சி. முதலியோரின் போராட்டத்தால் 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்த ஊர் இது. எல்லையை மீட்ட பெருமையை ஆண்டுதோறும் பேசுகிறோம். எல்லைக்குள் வாழும் சொற்களை என்ன செய்தோம்? இந்த ஊர்ப் பட்டறையில் தமிழும் தெலுங்கும் ஆங்கிலமும் ஒரே வாக்கியத்தில் கைகோத்து வேலை செய்கின்றன. எந்தத் தமிழ்த்துறையாவது நோட்டுப் புத்தகத்தோடு அங்கே போயிருக்கிறதா? கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்கு அகராதி தொகுத்தார். பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்குத் தொகுத்தார். பட்டறைத் தமிழுக்கு யார் தொகுப்பது? குளிரூட்டிய அறையில் அமர்ந்து 'முகப்புப் பலகை' என்றும் 'மின்குமிழ்' என்றும் சொல்லாக்கி அரசுப் பட்டியலில் சேர்த்துவிட்டுக் கலைந்துபோகிறோம். அந்தச் சொற்களைக் கொண்டு ஒரு பல்பையாவது மாற்றும் வழியைத் தமிழில் எழுதிவைத்தோமா? காரோடு வரும் கையேட்டைத் தமிழில் கேட்டோமா? தமிழ்நாட்டில் செய்து தமிழ்நாட்டில் விற்கும் காருக்கே தமிழ்க் கையேடு கேட்காத நாம், தாய்மொழிவழி அறிவியல் பற்றிக் கருத்தரங்கம் நடத்துகிறோம்.

விளைவு கண்முன் இருக்கிறது. ஒயரிங் கடைகளில் அடுத்த தலைமுறை ஆட்களைக் காண்பது அரிதாகிறது. புதிய கார்களின் முகப்பில் பல்பே இல்லை. பலகையோடு பற்றவைத்த ஒளித் துகள்களும் முழுநீளத் திரையும் வந்துவிட்டன. அவற்றின் பழுதை அறியும் கருவியும் கடவுச்சொல்லும் நிறுவனத்திடம் இருக்கின்றன. ஒயரிங்காரருக்குத் திறமை போதாமல் அவர் தோற்கவில்லை. பார்க்கவே விடாமல் கதவடைத்ததால் தோற்கிறார். ஒரு தொழில் அழிகையில் அதன் சொற்களும் அழியும், சொற்களோடு பார்க்கும் முறையும் அழியும். இதற்கு இரங்கற்பா எழுதப் பிற்பாடு ஒரு கவிஞர் வருவார். நமக்குத் தேவை இரங்கற்பா இல்லை.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. மீட்டர் செட் போன்ற தொகுதிகளின் உட்பாகங்களுக்கும் தனி எண்ணும் தனி விலையும் இட்டு, உற்பத்தி நின்ற பிறகும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு அவற்றை வெளிச்சந்தையில் விற்க வேண்டும் என்று சட்டம் சொல்லட்டும். பழுது அறியும் முறையும் வரைபடமும் தமிழில், சிறு பட்டறைக்கும் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கட்டும். மூன்றாவது கோரிக்கை நமக்கு நாமே வைப்பது: தமிழ் முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் ஏதாவதொரு பட்டறையில் ஒரு மாதம் உட்கார்ந்து சொல் சேகரிப்பதைப் பாடமாக்குவோம். அதற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி வேண்டியதில்லை. பாடத்திட்டக் குழுவில் அமர்ந்திருக்கும் நமக்கு வெட்கம் வந்தால் போதும்.

அதுவரை, உங்கள் வண்டியின் விளக்கு மங்கியிருந்தால் உங்கள் ஊர் ஒயரிங் கடைக்குப் போங்கள். அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். என்ன செய்கிறார் என்று கேளுங்கள். பொருளுக்கு எவ்வளவு, கைக்கு எவ்வளவு என்று அவர் சொல்வார். கைக்கான தொகையில் பேரம் பேசாதீர்கள்.